குபர்நெட்டீஸில் கசாண்ட்ரா: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

இந்த வழிமுறை, தரவைப் பல இயந்திரங்களில் பகிர்ந்து வைக்கும் தரவுத்தளமான அப்பாச்சி கசாண்ட்ராவின் 3.11, 4.0 பதிப்புகளின் அதிகாரப்பூர்வ இமேஜை, கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸில் ஸ்டேட்ஃபுல்செட்டாக (பெயரும் வால்யூமும் மாறாத பாட்களின் தொகுப்பாக) ஏற்றுபவர்களுக்கு. கசாண்ட்ரா-0, கசாண்ட்ரா-1, கசாண்ட்ரா-2 என 3 பாட்கள் (கன்டெய்னர் ஓடும் அலகுகள்), ரெப்ளிகேஷன் ஃபேக்டர் (ஒவ்வொரு தரவுக்கும் எத்தனை நகல் என்ற எண்) 3, ஒவ்வொரு பாட்டுக்கும் தனி வால்யூம் (சேமிப்பு டிஸ்க்) என்று வைத்துக்கொள்வோம். 'நோடு' என்ற சொல் இரண்டு பக்கமும் வந்து குழப்புவதால், குபர்நெட்டீஸ் நோடை 'இயந்திரம்' என்றும் கசாண்ட்ரா நோடை 'பாட்' என்றும் எழுதுகிறோம்.

எந்த அறிகுறிக்கும் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு கணக்குகள். குபர்நெட்டீஸின் கணக்கை 'கியூப்சிடிஎல் கெட் பாட், பிவிசி -ஓ வைடு' காட்டும் (பிவிசி என்பது ஒரு பாட்டுக்கு வால்யூம் கோரும் பதிவு). கசாண்ட்ராவின் கணக்கை, நன்றாக ஓடும் ஏதாவது ஒரு பாட்டுக்குள் போய் கசாண்ட்ராவின் நிர்வாகக் கருவியான நோட்டூலில் 'நோட்டூல் ஸ்டேட்டஸ்' கொடுத்துப் பார்க்க வேண்டும். யுஎன் என்றால் உயிரோடு, வளையத்தில் (தரவைப் பங்கிட்டுக்கொள்ளும் பாட்களின் கூட்டத்தில்) இருக்கிறது. டிஎன் என்றால் வளையத்தில் பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. யுஜே என்றால் இன்னும் சேர்ந்துகொண்டிருக்கிறது. யுஎல் என்றால் விலகிக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டு கணக்குகளும் தாமாக ஒத்துப்போவதில்லை. குபர்நெட்டீஸ் பாட்டின் பெயரை நினைவில் வைக்கிறது. கசாண்ட்ரா வால்யூமில் எழுதிவைத்த ஹோஸ்ட் ஐடியை (தன் அடையாள எண்ணை) நினைவில் வைக்கிறது. கீழே வரும் பழுதுகளில் மோசமானவை எல்லாம் இந்த இரண்டும் பிரியும் இடத்தில்தான் பிறக்கின்றன. எனவே கிளஸ்டர் நலமாக இருக்கும்போதே பாட் பெயர், ஐபி, ஹோஸ்ட் ஐடி மூன்றையும் ஓர் இடத்தில் குறித்து வையுங்கள். என்ன நடந்தது என்று உறுதியாகத் தெரியும்வரை எந்தப் பிவிசியையும் அழிக்காதீர்கள்.

பாட் 'பெண்டிங்' நிலையிலேயே நிற்கிறது

'கியூப்சிடிஎல் டிஸ்கிரைப் பாட்' கொடுத்தால் கடைசியில் வரும் ஈவென்ட்ஸ் பகுதியே காரணத்தைச் சொல்லிவிடும். பிவிசி பைண்ட் ஆகவில்லை என்றால், கிளஸ்டரில் டீஃபால்ட் ஸ்டோரேஜ்கிளாஸ் (வால்யூமை எப்படி அமைப்பது என்ற விதி) இருக்கிறதா என்று பாருங்கள். 'வால்யூம் நோடு அஃபினிட்டி கான்ஃபிளிக்ட்' என்று வந்தால், வால்யூம் ஒரு ஸோனில் (கிளவுடின் தனித்தனித் தளங்களில் ஒன்றில்) பிறந்துவிட்டது, பாட்டுக்கு இடம் கிடைத்ததோ வேறு ஸோனில். ஸ்டோரேஜ்கிளாஸில் வால்யூம்பைண்டிங்மோடை 'வெயிட்ஃபார்ஃபர்ஸ்ட்கன்ஸ்யூமர்' என்று வைத்தால் இனி அமைக்கும் வால்யூம்களுக்கு இது வராது. ஆன்டி-அஃபினிட்டி விதி (ஒரே இயந்திரத்தில் இரண்டு பாட் கூடாது என்பது) பொருந்தவில்லை என்று வந்தால், 3 பாட்டுக்கு 3 இயந்திரம் இல்லை என்று பொருள். அதற்காக அந்த விதியைத் தளர்த்த வேண்டாம். இரண்டு பாட்கள் ஒரே இயந்திரத்தில் அமர்ந்தால், அந்த இயந்திரம் போகும் அன்று கோரம் (3 நகலில் 2 என்ற பெரும்பான்மை) போய்விடும்.

எழுந்த சில நொடிகளில் பாட் சாகிறது. எக்ஸிட் கோடு 137. லாகில் ஒன்றுமே இல்லை

137 என்பது 128-உடன் 9 சேர்ந்தது. அதாவது 'சிக்கில்' என்ற கட்டாய நிறுத்தச் சிக்னல் வந்து கொன்றிருக்கிறது. டிஸ்கிரைபில் 'ஓஓஎம்கில்டு' என்றும் இருக்கும். இது நினைவகப் பிரச்சினை. ஆனால் தரவு அதிகமானதால் வந்தது அல்ல.

ஹீப் (கசாண்ட்ரா ஓடும் ஜாவா இயந்திரமான ஜேவிஎம்மின் நினைவகப் பகுதி) அளவை நாம் சொல்லாவிட்டால் கசாண்ட்ராவின் தொடக்க ஸ்கிரிப்ட் தானே கணக்குப் போடும்: நினைவகத்தில் பாதி, ஆனால் 1 ஜிபிக்கு மேல் இல்லை, நினைவகத்தில் கால் பங்கு, ஆனால் 8 ஜிபிக்கு மேல் இல்லை, இந்த இரண்டில் பெரியது எதுவோ அது. கணக்கில் பிழை இல்லை. 'மொத்த நினைவகம் எவ்வளவு' என்பதை அது 'ஃப்ரீ -எம்' கட்டளையிடம் கேட்கிறது என்பதுதான் சிக்கல். கன்டெய்னருக்குள் ஓடினாலும் 'ஃப்ரீ' காட்டுவது முழு இயந்திரத்தின் நினைவகத்தை. 64 ஜிபி இயந்திரத்தில் 4 ஜிபி லிமிட் போட்ட பாட் ஒன்று எழுகிறது என்று வையுங்கள். 64-இல் கால் பங்கு 16, உச்சவரம்பு 8, எனவே ஹீப் 8 ஜிபி. 'ஆல்வேஸ்ப்ரீடச்' என்ற ஜேவிஎம் தேர்வு முன்பே இயக்கத்தில் இருப்பதால், அந்த 8 ஜிபியின் ஒவ்வொரு பக்கத்தையும் ஜேவிஎம் எழும்போதே தொட்டுப் பார்க்கும். 4 ஜிபியைத் தாண்டிய கணத்தில் கெர்னல் கொன்றுவிடும். கசாண்ட்ரா தன் முதல் லாக் வரியைக்கூட எழுதியிருக்காது. லாக் வெறுமையாக இருப்பதன் காரணம் இதுதான்.

தீர்வு: மேக்ஸ்_ஹீப்_சைஸ் என்ற சூழல் மாறியை நீங்களே கொடுங்கள். சிஎம்எஸ் கார்பேஜ் கலெக்டர் (ஹீப்பில் தேவையற்றதை நீக்கும் முறைகளில் ஒன்று) ஓடும் பதிப்புகளில் ஹீப்_நியூசைஸையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் கொடுத்தால் இரண்டையும் ஜோடியாகக் கொடு என்று சொல்லி ஸ்கிரிப்ட் நின்றுவிடும். பாட் லிமிட்டில் பாதிக்கு மேல் ஹீப் போக வேண்டாம். 8 ஜிபி லிமிட்டுக்கு 4 ஜிபி ஹீப் நல்ல தொடக்கம். மீதி வீணாகக் கிடப்பதில்லை: புளூம் ஃபில்டர், கம்ப்ரெஷன் விவரங்கள், நெட்வொர்க் பஃபர் எல்லாம் ஹீப்புக்கு வெளியேதான் இருக்கின்றன. நினைவகத்துக்கு ரெக்வெஸ்டும் (ஒதுக்கும் அளவு) லிமிட்டும் (உச்சவரம்பு) ஒரே எண்ணாக இருக்கட்டும்.

எழும்போது சாகாமல், பல மணி நேரம் ஓடிய பிறகு 137 வந்தால் கதை வேறு. அது ஹீப்புக்கு வெளியே வளர்ந்த நினைவகம். அப்போது ஹீப்பைக் கூட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும். லிமிட்டைத்தான் கூட்ட வேண்டும்.

சீடு எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது

சீடு என்பது, எழும் பாட் கிளஸ்டரைக் கண்டுபிடிக்க முதலில் தொடர்புகொள்ளும் பாட். லாகில் சீடு ப்ரொவைடர் ஹோஸ்ட் பெயரைத் தேட முடியவில்லை என்றோ, பட்டியலில் சீடே இல்லை என்றோ வரும். மூன்றைச் சரிபாருங்கள்.

ஸ்டேட்ஃபுல்செட்டில் எழுதிய சர்வீஸ்நேமும் ஹெட்லெஸ் சர்வீஸின் (பொது ஐபி இல்லாமல் பாட்களின் முகவரிகளையே தரும் சர்வீஸின்) பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா? ஒன்றில்லையென்றால் பாட் ஒவ்வொன்றுக்கும் டிஎன்எஸ் பெயரே உருவாகாது. அந்தச் சர்வீஸில் கிளஸ்டர்ஐபி 'நன்' என்று இருக்கிறதா? கடைசியாக, 'பப்ளிஷ்நாட்ரெடிஅட்ரெஸஸ்' உண்மை என்று வைத்திருக்கிறீர்களா? இதை விட்டுவிடுபவர்கள் அதிகம். டீஃபால்ட்டாக டிஎன்எஸ்ஸில் வருவது ரெடி ஆன பாட்களின் முகவரி மட்டுமே. சீடாகச் சர்வீஸின் பெயரையே கொடுத்திருந்தால், முதல் பாட் ரெடி ஆக டிஎன்எஸ் வேண்டும், டிஎன்எஸ்ஸில் வர முதல் பாட் ரெடி ஆக வேண்டும் என்று வட்டம் பூட்டிக்கொள்ளும். சீடுகளாகப் பாட்களின் முழுப் பெயரையே கொடுங்கள். கசாண்ட்ரா-0, கசாண்ட்ரா-1 இரண்டையும் கொடுங்கள்.

பெயர் கிடைக்கிறது, பேசத்தான் முடியவில்லை என்றால் நெட்வொர்க் பாலிசியைப் பாருங்கள். பாட்களுக்கிடையே 7000, 3.11-இல் டிஎல்எஸ் என்றால் 7001. செயலிகளுக்கு 9042. ஜேஎம்எக்ஸுக்கான 7199-ஐ வெளியே திறக்க வேண்டியதில்லை.

பாட் ஓடுகிறது, யுஎன் என்றும் காட்டுகிறது. ஆனால் ரெடி 0/1

ரெடினஸ் சோதனைக்குள் (பாட் கோரிக்கைகளை ஏற்கத் தயாரா என்று பார்க்கும் சோதனை) 'நோட்டூல் ஸ்டேட்டஸ்' ஓடுகிறதா? நோட்டூல் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு ஜேவிஎம்மை எழுப்புகிறது. அது 1 நொடிக்குள் முடிவது அரிது. டைம்அவுட்செகண்ட்ஸின் டீஃபால்ட் மதிப்போ 1. குபர்நெட்டீஸ் 1.20-க்கு முன் எக்ஸெக் வகைச் சோதனைக்கு இந்தக் கெடு அமலாகவே இல்லை. 1.20-இல் அமலுக்கு வந்தது. பழைய யாமல் கோப்பைப் புதிய கிளஸ்டருக்குக் கொண்டுபோகும்போது திடீரென்று எல்லாப் பாட்களும் 0/1 ஆவது இதனால்தான். டைம்அவுட்செகண்ட்ஸை 10 ஆக்குங்கள், பீரியட்செகண்ட்ஸை 20-க்குக் குறையாமல் வையுங்கள்.

புதிய பாட் யுஜே நிலையிலேயே இருந்து, நடுநடுவே ரீஸ்டார்ட் ஆகிறது

புதிதாகச் சேரும் பாட் மற்றவற்றிடமிருந்து தன் பங்குத் தரவை இழுத்துக்கொள்ளும். நூற்றுக்கணக்கான ஜிபி என்றால் மணிக்கணக்கில் ஆகும். அது முடியும்வரை 9042 போர்ட் திறக்காது. லைவ்னஸ் சோதனையை 9042 மேல் வைத்திருந்தால், பீரியட் 10 நொடி, 3 தோல்வி என்ற டீஃபால்ட் கணக்கில் 30 நொடியில் குபர்நெட்டீஸ் அதைக் கொல்லும். மறுபடி எழும், மறுபடி சாகும்.

ஸ்டார்ட்அப் சோதனை ஒன்றைச் சேருங்கள்: பீரியட் 30 நொடி, தோல்வி வரம்பு 720. அது 6 மணி நேரம் பொறுக்கும். இன்னும் நேரடியாகச் சொன்னால், கசாண்ட்ராவுக்கு லைவ்னஸ் சோதனையே வைக்காமல் இருப்பதுதான் எங்கள் பரிந்துரை. தரவுத்தளம் மெதுவாக இருக்கும்போது அதைக் கொல்வதால் அது வேகமாவதில்லை. கமிட் லாகை (எழுத்துகளை முதலில் பதியும் கோப்பை) மீண்டும் ஓட்டும் வேலைதான் கூடுகிறது.

சாகடிக்கும் பக்கத்திலும் இதே கவனம் வேண்டும். டெர்மினேஷன் கிரேஸ் பீரியட் டீஃபால்ட்டாக 30 நொடி. ப்ரீஸ்டாப்பில் (நிறுத்தும் முன் ஓடும் கட்டளையில்) 'நோட்டூல் ட்ரெயின்' வைத்து, கிரேஸை 300 நொடிக்காவது உயர்த்துங்கள். ட்ரெயின் முடிந்த பாட் மீண்டும் எழும்போது கமிட் லாகில் ஓட்டுவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

பழைய வால்யூமோடு எழும் பாட் உடனே மறுத்துவிடுகிறது

வால்யூமில் சேமித்த கிளஸ்டர் பெயரும் இப்போது கொடுத்த பெயரும் வேறு என்று வந்தால், வேறொரு சோதனையில் மிஞ்சிய பிவிசி இதே பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது தேவையற்றது என்று உறுதியானால் அழியுங்கள். உண்மையான தரவு என்றால் யாமலில் உள்ள பெயரைத் திருத்துங்கள்.

டோக்கன் (வளையத்தில் ஒரு பாட்டின் பங்கைக் குறிக்கும் எண்) எண்ணிக்கையை 256-இலிருந்து 16-க்கு மாற்ற முடியாது என்று வந்தால், 3.11-இலிருந்து 4.0-க்குப் போயிருக்கிறீர்கள். டீஃபால்ட் மாறிவிட்டது. கசாண்ட்ரா_நம்_டோக்கன்ஸை 256 என்று வெளிப்படையாகக் கொடுங்கள். தரவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தரவு அடைவில் எழுத அனுமதி இல்லை என்றால், பாட்டின் செக்யூரிட்டி கான்டெக்ஸ்டில் எஃப்எஸ்குரூப் 999 வையுங்கள். அதிகாரப்பூர்வ இமேஜில் கசாண்ட்ரா பயனர், குழு இரண்டின் எண்ணும் 999.

எல்லாப் பாட்களும் 1/1. ஆனால் சில கேள்விகளுக்கு வெறும் விடை வருகிறது

இதுதான் இந்தப் பட்டியலில் ஆபத்தானது. டேஷ்போர்டில் சிவப்பு எதுவும் தெரியாது.

கசாண்ட்ரா-0-இன் வால்யூம் ஏதோ காரணத்தால் போய்விட்டது என்று வையுங்கள். டிஸ்க் கெட்டிருக்கலாம், யாரோ பிவிசியை அழித்திருக்கலாம். ஸ்டேட்ஃபுல்செட் தன் கடமையைச் செய்யும்: அதே பெயரில் புதிய வெற்று வால்யூமோடு கசாண்ட்ரா-0-ஐ எழுப்பும். சாதாரணப் பாட் என்றால் இப்போது மற்றவற்றிடமிருந்து தரவை இழுத்திருக்கும். ஆனால் தன் பெயரைச் சீடு பட்டியலில் காணும் பாட் பூட்ஸ்ட்ராப் (தரவை இழுத்துக்கொண்டு சேர்வது) செய்யாது. சீடு என்பது வளையத்தைத் தொடங்கி வைப்பது, எனவே தரவை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்பது கசாண்ட்ராவின் அனுமானம். எனவே அது ஒரு ஜிபியும் இழுக்காமல் நேராக யுஎன் ஆகிவிடும். புதிய ஹோஸ்ட் ஐடி, புதிய டோக்கன்கள், வெறும் கை. 'ஒன்' கன்சிஸ்டன்சியில் (ஒரே நகலின் பதில் போதும் என்ற நிலையில்) வரும் கேள்வி இந்தப் பாட்டில் விழுந்தால், வரிசையே (ரோ) இல்லை என்று பதில் போகும்.

அடையாளம்: 'நோட்டூல் ஸ்டேட்டஸ்' 3-க்குப் பதில் 4 வரி காட்டும். மூன்று யுஎன், ஒரு டிஎன். லோடு நிரலைப் பாருங்கள். மற்ற இரண்டும் நூற்றுக்கணக்கான ஜிபி காட்ட, ஒன்று மட்டும் கேபியிலோ எம்பியிலோ இருக்கும்.

செய்ய வேண்டியது, இதே வரிசையில். முதலில், எங்கும் 'நோட்டூல் கிளீனப்' ஓட்டாதீர்கள். புதிய டோக்கன்களால் சில வரம்புகள் மற்றப் பாட்களின் பொறுப்பிலிருந்து பெயரளவில் விலகியிருக்கும். அவற்றின் தரவு இன்னும் அங்கே டிஸ்கில் கிடக்கிறது. கிளீனப் அதைத்தான் துடைக்கும். அடுத்து, செயலிகளின் வாசிப்பையும் எழுத்தையும் கோரத்துக்கு மாற்றுங்கள். வெற்றுப் பாட்டில் 'நோட்டூல் டிசேபிள்பைனரி' கொடுத்தால் செயலிகள் அதன் வழியே வராது; ஆனால் மற்றப் பாட்கள் அதனிடம் தரவு கேட்பதை அது நிறுத்தாது, எனவே கோரம் கட்டாயம். பிறகு டிஎன் வரியில் உள்ள பழைய ஹோஸ்ட் ஐடியைக் கொடுத்து 'நோட்டூல் ரிமூவ்நோடு'. அது முடிந்ததும் வெற்றுப் பாட்டில் 'நோட்டூல் ரிப்பேர் -ஃபுல்' (நகல்களை ஒப்பிட்டு விடுபட்டதை நிரப்புவது), பின் மற்றவற்றிலும் ஒவ்வொன்றாக. எல்லாம் முடிந்த பிறகே 'எனேபிள்பைனரி'.

வால்யூம் போய்விட்டது, ஆனால் பாட் இன்னும் எழவில்லை என்ற நிலையில் நீங்கள் விழித்துக்கொண்டால் சுத்தமான வழி இருக்கிறது. ஸ்டேட்ஃபுல்செட்டின் அப்டேட் ஸ்ட்ராட்டஜியை 'ஆன்டிலீட்' ஆக்குங்கள். இல்லையென்றால் டெம்ப்ளேட்டை மாற்றியதும் எல்லாப் பாட்களும் வரிசையாக ரீஸ்டார்ட் ஆகும். பிறகு சீடு பட்டியலிலிருந்து கசாண்ட்ரா-0-ஐ எடுங்கள். ஜேவிஎம்_எக்ஸ்ட்ரா_ஆப்ட்ஸில் 'கசாண்ட்ரா.ரிப்ளேஸ்_அட்ரெஸ்_ஃபர்ஸ்ட்_பூட்' என்ற பண்புக்கு அந்தப் பாட்டின் பழைய ஐபியைக் கொடுங்கள். கசாண்ட்ரா-0-ஐ மட்டும் டிலீட் செய்யுங்கள். பழைய பாட்டின் டோக்கன்களையே எடுத்துக்கொண்டு, தரவை இழுத்துக்கொண்டு எழும். 'ஃபர்ஸ்ட்_பூட்' என்று முடியும் பெயரையே பயன்படுத்துங்கள். ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பாட் அதைப் பொருட்படுத்தாது, எனவே டெம்ப்ளேட்டில் சிறிது நேரம் கிடந்தாலும் கெடுதல் இல்லை. பழைய ஐபி எது என்பதற்குத்தான் முதலில் சொன்ன அந்தக் குறிப்பு.

ரெப்ளிகாவைக் குறைத்தேன், நோட்டூலில் டிஎன் நிற்கிறது

ரெப்ளிகாவை, அதாவது ஸ்டேட்ஃபுல்செட்டின் பாட் எண்ணிக்கையை, 4-இலிருந்து 3-க்குக் குறைத்ததும் குபர்நெட்டீஸ் கடைசி எண் கொண்ட கசாண்ட்ரா-3-ஐ நிறுத்திவிடும். நிறுத்துவது வேறு, வளையத்திலிருந்து விலக்குவது வேறு. தரவை அது யாருக்கும் ஒப்படைக்கவில்லை.

திருத்துவது எளிது, பிவிசி இருந்தால். ரெப்ளிகாவை மீண்டும் 4 ஆக்குங்கள். பழைய வால்யூமோடு, பழைய ஹோஸ்ட் ஐடியோடு பாட் எழும். இடைவெளி 3 மணி நேரத்துக்குள் என்றால் ஹின்ட்கள் (மற்றப் பாட்கள் அதற்காகச் சேமித்துவைத்த எழுத்துகள்) விட்டதை நிரப்பும். அதற்கு மேல் என்றால் அதில் ரிப்பேர் ஓட்டுங்கள். 10 நாளைத் தாண்டிவிட்டால் எழுப்பவே வேண்டாம். ஜிசி_கிரேஸ்_செகண்ட்ஸின் டீஃபால்ட் 864000 நொடி, அதாவது 10 நாள். அதற்குப் பிறகு மற்றப் பாட்களில் நீக்கல் குறிகள் அழிந்திருக்கும். பழைய பாட் எழுந்தால் நீக்கிய வரிசைகள் உயிர்த்தெழும். அப்போது 'ரிமூவ்நோடு' கொடுத்து, ரிப்பேர் ஓட்டுவதே சரி.

சரியான வரிசை எப்போதும் இதுதான்: கசாண்ட்ரா-3-க்குள் 'நோட்டூல் டீகமிஷன்', அதன் வரி ஸ்டேட்டஸிலிருந்து முழுதாக மறையும்வரை காத்திருப்பு, பிறகு ரெப்ளிகா 3, கடைசியாக அதன் பிவிசியை அழிப்பு. கடைசிப் படியை விட்டால், பிறகு 4-க்கு உயர்த்தும்போது டீகமிஷன் ஆன பாட் இது, மீண்டும் சேராது என்று சொல்லி நின்றுவிடும். இருக்கும் 3-ஐ 2 ஆக்கப் பார்த்தால், ரெப்ளிகேஷன் ஃபேக்டர் 3-க்கு ஆள் போதாது என்று 4.0 டீகமிஷனையே மறுக்கும். அந்த மறுப்பை ஃபோர்ஸ் போட்டுத் தாண்ட வேண்டாம்.

இயந்திரம் செத்துவிட்டது, பாட் 'டெர்மினேட்டிங்' நிலையில் தொங்குகிறது

இயந்திரம் தொடர்பில் இல்லை என்றானதும் 300 நொடி கழித்துப் பாட் டெர்மினேட்டிங் ஆகும், அங்கேயே நிற்கும். பழைய பாட் உண்மையிலேயே செத்ததா என்று தெரியாமல் அதே பெயரில் இன்னொன்றை ஸ்டேட்ஃபுல்செட் எழுப்பாது. இது பழுதல்ல, பாதுகாப்பு. இயந்திரம் மின்சாரம் இல்லாமல் அணைந்துவிட்டது என்பதைக் கிளவுட் கன்சோலிலோ நேரிலோ உறுதி செய்த பிறகுதான் '--கிரேஸ்-பீரியட்=0 --ஃபோர்ஸ்' போட வேண்டும். நெட்வொர்க் மட்டும் அறுந்து இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால், ஒரே அடையாளத்தில் இரண்டு கசாண்ட்ரா ஓடும். ஃபோர்ஸ் செய்த பிறகு மல்டி-அட்டாச் பிழை (வால்யூம் இன்னும் பழைய இயந்திரத்தோடு இணைந்திருக்கிறது என்பது) வந்தால் பழைய இணைப்பை விடுவிக்கக் குபர்நெட்டீஸ் 6 நிமிடம் எடுக்கும், பொறுத்திருங்கள்.

லோக்கல் டிஸ்க் என்றால் பாட் வேறு இயந்திரத்துக்குப் போகவே முடியாது. மேலே சொன்ன ரிப்ளேஸ் வழிதான்.

ஒரு பாட் விழுந்ததும் யாராலும் லாகின் செய்ய முடியவில்லை

பயனர் விவரங்களை வைக்கும் சிஸ்டம்_ஆத் கீஸ்பேஸின் (அட்டவணைத் தொகுதியின்) ரெப்ளிகேஷன் ஃபேக்டர் டீஃபால்ட்டாக 1. பயனர் விவரம் ஒரே பாட்டில் இருக்கிறது. ஆல்ட்டர் கீஸ்பேஸ் கொடுத்து 3 ஆக்கி, எல்லாப் பாட்களிலும் அந்தக் கீஸ்பேஸுக்கு ரிப்பேர் ஓட்டுங்கள். 'கசாண்ட்ரா' என்ற முன்னிருப்புப் பயனருக்கு லாகினுக்கே கோரம் வேண்டும். செயலிகளுக்கு வேறு பயனரை உருவாக்குங்கள்.

பாட்கள் அவ்வப்போது டிஎன் ஆகி, சில நொடியில் யுஎன் ஆகின்றன

நெட்வொர்க்கைச் சந்தேகிக்கும் முன் சிபியு லிமிட்டைப் பாருங்கள். லிமிட் 2 என்றால், ஒவ்வொரு 100 மில்லிநொடிக்கும் 200 மில்லிநொடி சிபியு நேரம் கிடைக்கும். கசாண்ட்ராவில் வாசிப்புக்கு 32, எழுத்துக்கு 32 என்று த்ரெட்கள் டீஃபால்ட்டாகவே உண்டு. 32 கோர் உள்ள இயந்திரத்தில் 32 த்ரெட் ஒரே நேரத்தில் விழித்தால், அந்த 200 மில்லிநொடி சுமார் 6 மில்லிநொடியில் தீர்ந்துவிடும். மீதி 94 மில்லிநொடி முழு ஜேவிஎம்மும், காசிப் (பாட்கள் ஒன்றன் நிலையை ஒன்று விசாரித்துக்கொள்வது) உட்பட, உறைந்து கிடக்கும். இப்படி அடுத்தடுத்து நடந்தால் மற்றப் பாட்கள் இதை இறந்ததாகக் குறிக்கும். கன்டெய்னருக்குள் சிபியு.ஸ்டாட் கோப்பில் என்ஆர்_த்ராட்டில்டு எண் (சிபியு எத்தனை முறை தடுக்கப்பட்டது என்பது) ஏறிக்கொண்டே இருந்தால் சந்தேகம் தீர்ந்தது. சிபியு லிமிட்டை எடுத்துவிட்டு, ரெக்வெஸ்டை மட்டும் போதிய அளவில் வையுங்கள்.

த்ராட்டில் எண் ஏறவில்லை, ஆனால் லாகில் ஜிசிஇன்ஸ்பெக்டர் வரிகள் (கார்பேஜ் கலெக்டருக்காக, அதாவது ஜிசிக்காக, நின்ற நேரத்தைச் சொல்பவை) 1000 மில்லிநொடிக்கு மேல் காட்டுகின்றன என்றால் ஹீப் போதவில்லை, அல்லது ஒரு பார்ட்டிஷன் (ஒரே சாவியின் கீழ் சேரும் வரிசைகள்) அளவுக்கு மீறிப் பெருத்திருக்கிறது. 'நோட்டூல் டேபிள்ஹிஸ்டோகிராம்ஸ்' கொடுத்து பார்ட்டிஷன் அளவின் கடைசி வரியைப் பாருங்கள். ஃபி_கன்விக்ட்_த்ரெஷோல்டை (ஒரு பாட் இறந்தது என்று முடிவெடுக்கும் வரம்பை) 8-இலிருந்து 12-க்கு உயர்த்தினால் டிஎன் குறி குறையும். ஆனால் உறைவு அப்படியே இருக்கும். ஜிசியையும் த்ராட்டிலையும் சரிசெய்த பிறகும் கிளவுட் நெட்வொர்க்கின் தடுமாற்றம் மிஞ்சினால் மட்டும் அதைத் தொடுங்கள்.